நாலு கோடும் குறுக்கே ஒன்றும்

நண்பர்களே, போன வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அங்கால் உள்ள கற்களில் நாம் இருந்தபோது, நீங்கள் நாலு பேரும் மாத்தறைப் பயணத்தைப் பற்றிக் கதைத்தீர்கள். வேன் பேசியாயிற்று, கடலோரமாகவே போகலாம், எந்த ஊரில் இறங்கி என்ன சாப்பிடலாம் என்று ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "முப்பது வருஷம் மாத்தறையில இருந்த ஆள் நீங்கள், வாயைத் திறவுங்கோவன்" என்று கேட்டீர்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. நாலு பேர் முன்னால் எனக்குக் கதை வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்தும் அவ்வளவாக வராது. ஆனாலும் எழுதுவது கொஞ்சம் லேசு. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தப் பாதைக்கு நானும் ஒருமுறை சாப்பாட்டுத் திட்டம் போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் இன்னும் வரவில்லை. வெள்ளைக்காரன் ராச்சியம், பெற்றோலுக்குக் கூப்பன் இல்லாத காலம்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு, பத்து வீட்டுக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். காற்று துறைமுகப் பக்கமிருந்து வீசினால் நிலக்கரித் தூள் வந்து வெள்ளை உடுப்பில் படியும். கப்பல் ஊதினால் சுவரில் மாட்டியிருந்த மாதா படம் மெல்ல அதிரும். அம்மா இருந்தபோது அந்தப் படத்தைக் கையால் பிடித்து நிறுத்துவார். அம்மா இறந்த பிறகு அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பதிவதுதான் வேலை. ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். அதுவே ஒரு கட்டு. வீட்டிலும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சலவைக்குப் போகும் உடுப்பைக்கூட அப்படித்தான் குறிப்பார். எனக்கு எழுத்துக்கு முன்னமே அந்தக் கோடுகள் தெரியும்.

அம்மா போனபின் அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வருவார், சப்பாத்தைக் கழற்றுவார், சணல் சாக்கு மணம் வீடு முழுக்கப் பரவும். அவ்வளவுதான். அப்பாவின் அக்கா, என் மாமி, வத்தளையிலிருந்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டார். அவர் மாலையில் செபமாலை சொல்லுவார், சமைப்பார், படுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும்வரை நான் குழாயடியில் நின்று, வாளிகள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். முந்திய வருஷம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவனை மாத்தறை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமாகப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதாக நேர்ந்திருந்தார். நான் பிழைத்தேன். அவர் போய்விட்டார். மாத்தறையில்தான் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கடைக்காரரான தன் புருஷனோடு இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு நாள் பின்னேரம் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. புறக்கோட்டையில் கருவாட்டுக் கடையில் வேலை. பருத்த ஆள், வந்தால் வீட்டுக்குள் சத்தம் வரும்.

"அண்ணை, வெள்ளவத்தையில ஒரு கார் பேசியிருக்கிறன். வாற மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தறைக்குப் போய் வரலாம். காரில போறதெண்டா சும்மா போறதே? வழி நெடுகச் சாப்பிட்டுக்கொண்டு போகோணும்."

"நேர்த்திக்கு எல்லோ போறம்," என்றார் மாமி.

"நேர்த்திக்குப் போறவனுக்கு வயிறு இல்லையோ அக்கா?"

"உன்ரை வயித்தைக் கண்டா டிரைவர் ரெண்டு ஆளெண்டு சொல்லுவான்."

அப்பா சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பிறகு அவர் கப்பல் சாமான் பதியும் தாள் ஒன்றை எடுத்து, வெறும் பின்பக்கத்தைத் திருப்பி, "இஞ்ச வா, நீ எழுது. உன்ரை எழுத்து வடிவு" என்று என்னைக் கூப்பிட்டார்.

அதிலிருந்து ஒரு மாதம், பின்னேரம் என்றால் எங்கள் வீட்டில் பயணந்தான். தென்பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் லொறிக்காரர்களிடம் சித்தப்பா விசாரித்துக்கொண்டு வருவார். பாணந்துறையில் பாலம் தாண்டியதும் ஒரு அப்பக்கடை, முட்டை அப்பமும் கட்டைச் சம்பலும். களுத்துறையில் மங்குஸ்தான், அது அதன் காலம். பேருவளையில் கடல் பக்கமாக முஸ்லிம் நானா ஒருவரின் கடை, ரொட்டியும் பாரை மீனும். அம்பலாங்கொடையில் கொறுக்காய்ப் புளி போட்டு மண் சட்டியில் வறட்டிய மீன். காலியில் வட்டிலப்பம். வெலிகமையில் தயிரும் கித்துள் பாணியும். நான் ஊரை எழுதுவேன். அப்பா பக்கத்தில் ஆட்களுக்குக் கோடு போடுவார். அப்பா, சித்தப்பா, மாமி, டிரைவர், நான். நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒன்று. ஆறு ஊருக்கும் ஆறு கட்டு.

அந்த ஊர்கள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. தெற்கே தெஹிவளைக்கு அப்பால் போனதில்லை. இருந்தாலும் இரவில் பாயில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக உள்ளே போய் உட்காருவேன். எல்லாக் கடையிலும் அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்து ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பார்.

டிரைவர் ஒருநாள் வீடு பார்க்க வந்தார். மொரட்டுவைச் சிங்களவர். வெள்ளவத்தையில் நெடுங்காலம் இருந்ததால் தமிழ் கதைப்பார். நான் அவரைச் சிங்களத்தில் அண்ணன் என்பதுபோல அய்யே என்று கூப்பிட்டேன், அதில் அவருக்குச் சந்தோஷம்.

"மாத்தயா, சாமான் இருக்கா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஒரு தகரப் பெட்டி. போகும்போது மட்டும்."

டிரைவர் பெட்டியைப் பார்த்தார். அது அம்மாவின் பெட்டி, மூடியில் ரோசாப்பூ வரைந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பெரியம்மாவுக்குச் சாமான் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது நடந்தது. அந்த வருஷந்தான் நான் முதல் தடவையாக நன்மை எடுத்து, புதுநன்மை வாங்கியிருந்தேன். வேதக் கேள்வி பதிலான ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். சித்தப்பா அன்றைக்கு முட்டை அப்பத்தின் கணக்கில் நின்றார், ஆளுக்கு இரண்டா மூன்றா என்று. எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து கேட்டேன்.

"சித்தப்பா, மாத்தறையில நன்மை வாங்கிறதெண்டா நடுச்சாமத்திலயிருந்து ஒண்டும் சாப்பிடக்கூடாதே. தண்ணியும் குடிக்கக்கூடாது எண்டு கோயில் சுவாமி சொன்னவர்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூவரும் பிறந்ததிலிருந்தே கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு வாரமாக நன்மை வாங்கப் போகும் வழிக்கு அப்பமும் மீனும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா நெற்றியில் அடித்தார். "ஞானஸ்நானம் எடுத்த மூண்டு கழுதையள்! ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை. இந்தச் சின்னச் சாமியாருக்கு வந்திருக்கு."

மாமி சிரிக்கவில்லை. "பிள்ளை சின்னன்," என்றார் அப்பாவைப் பார்த்து. "தம்பி, அவன் சாப்பிடட்டும். போகும்போது அவனுக்குக் குடுப்பம். அவன் நன்மை வாங்காட்டி மாதா என்ன, கோவிப்பாவோ?"

"இல்லை," என்றேன். "அம்மா நேர்ந்தது ரெண்டு பேருக்கு. நானும் வெறுவயிறாத்தான் வருவன். எல்லாத்தையும் வரும்போது சாப்பிடுவம்."

 சித்தப்பா தாளைப் பார்த்துக்கொண்டு, "ஓம், வரும்போது" என்றார்.

அப்பா புதுத் தாள் ஒன்றை எடுத்தார். ஊர்களைத் தலைகீழாக எழுதச் சொன்னார். வெலிகமை முதலாவது, பாணந்துறை கடைசி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோடு போட்டார். நாலு கோடு. அடுத்ததுக்கும் நாலு. ஆறு ஊருக்கும் நாலு நாலாக நின்றது. விளக்கு மங்கல், அப்பாவுக்குக் களைப்பு, மறந்துபோனார் என்று நினைத்தேன்.

"அப்பா, குறுக்குக் கோடு போடேல்லை நீங்கள்," என்று சொல்லி, அவருடைய கையிலிருந்து பென்சிலை வாங்கி, ஆறு இடத்திலும் குறுக்கே இழுத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

"சரி," என்றார் அப்பா. பென்சிலைத் திருப்பி வாங்கி, அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. மாமியின் மகளுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது; மாமி வத்தளைக்குத் திரும்பிப் போகவேண்டும். பகலும் இரவும் மாறி மாறித் துறைமுகத்தில் நிற்கிற மனிதர் தனியே பிள்ளை வளர்க்க முடியாது. பெரியம்மா கேட்டு எழுதியிருந்தார், அப்பா சம்மதித்திருந்தார். சொன்னால் அழுவேன் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வயிறும் மனமும் நிறைந்த பிள்ளையாக என்னைக் கொண்டுபோய் விடவேண்டும் என்பது அவர்களுடைய யோசனை. அதற்காகத்தான் முதல் தாளில் அத்தனை கடையும் போகும் பக்கத்தில் இருந்தது. அதை என் வாயாலேயே வரும் பக்கத்துக்கு மாற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். கன்வஸ் கூரை போட்ட பழைய கார். அந்தப் பெட்டியைப் பின்னால் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் முன்னால், டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில், தாளை மடித்துக் கையில் வைத்திருந்தேன். காலிமுகத்தைத் தாண்டும்போது இருட்டில் கடல் தெரியவில்லை, உப்பு மட்டும் உதட்டில் பட்டது. தெஹிவளை போயிற்று. அதற்குப் பிறகு எல்லாம் எனக்குப் புதிது.

பாணந்துறைப் பாலம் தாண்டியபோது சாம்பல் நிறமாக விடிந்தது. அப்பக்கடை சொன்ன இடத்திலேயே இருந்தது. ஒரு கிழவி சிரட்டை நெருப்பை விசிறிக்கொண்டிருந்தாள், புளித்த மா சுடும் மணம் காருக்குள் வந்தது. சித்தப்பா லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மணந்து பாத்தாலும் பாவமோடா, சின்னச் சாமியார்?"

"அதைச் சுவாமி சொல்லித் தரேல்லை, சித்தப்பா."

"அப்ப கொஞ்சம் மெதுவாப் போ, டிரைவர்."

மாமியே சிரித்துவிட்டார். களுத்துறையில் டிரைவர் அரச மரத்தடியில் நிறுத்தி உண்டியலில் சதம் போட்டுக் கும்பிட்டார். மங்குஸ்தான் கூடைகள் வரிசையாக இருந்தன, ஊதா நிறத் தோலில் மழைத் துளி நின்றது. அது தென்மேற்குக் காற்றின் காலம். கடல் மண்ணிறமாகக் குமுறி, சில இடத்தில் தண்ணீர் தெறித்துக் காரில் விழுந்தது. பேருவளையில் சித்தப்பா இறங்கிப் போய் நானாவிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் காரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பின்னேரம் நாலு மணிக்கு வருவம்," என்றார். எத்தனை பேர் என்று நானா கேட்டார். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"அஞ்சு பேர்," என்றார்.

அம்பலாங்கொடைக்குக் கிட்ட கார் சூடேறி நின்றது. பெரியவர்கள் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். டிரைவர் தண்ணீர் ஊற்றிவிட்டு, எதிர்க் கடையில் அப்பம் வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றை வாழையிலைத் துண்டில் மடித்து எனக்குக் கொண்டுவந்தார்.

"கன்ன, புதா. ஒண்ணு சாப்பிடு."

"வேண்டாம் அய்யே. வரும்போது சாப்பிடுவன்."

"இப்ப சாப்பிடு. சூடு இருக்கு. ஒங்க மாதாவும் அம்மாதானே, கோவிக்க மாட்டாங்க."

நான் தலையை ஆட்டினேன். பசி வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. ஆனால் அந்தப் பசி எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்காக ஒரு வேலை செய்கிற மாதிரி. அவர் இலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவர்கள் வருவதைக் கண்டு, பொட்டலத்தை ஆசனத்துக்குக் கீழே வைத்தார்.

மாத்தறையில் பூசைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டோம். நன்மை அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. நாவால் தொடக்கூடாது என்று படித்ததால் அது கரையும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் தோள் ஆடியது. அம்மாவை நினைக்கிறார் என்று எண்ணினேன்.

பெரியம்மா வீட்டில் தேத்தண்ணீரும் பணியாரமும் வைத்தார்கள். நான் தேத்தண்ணீர் மட்டும் குடித்தேன். வழியில் ஆறு கடை காத்திருக்கிறதே, வயிற்றில் இடம் வேண்டாமா? மற்றவர்களும் பணியாரத்தைத் தொடவில்லை. அவர்களும் இடம் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் போய்க் காரில் ஏறி, என் இடத்தில் உட்கார்ந்து தாளை விரித்தேன். வெலிகமை, தயிரும் பாணியும்.

அப்பா வந்து வெளியில் நின்று என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு, மோனை. நீ இஞ்ச பெரியம்மாவோட நில். அப்பா பிறகு வருவன்."

பெட்டி ஏற்கெனவே வாசலில் இறக்கப்பட்டிருந்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். சித்தப்பா காரின் மற்றப் பக்கத்தில் சில்லைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் அழவில்லை, நண்பர்களே. அழுதிருந்தால் அவர்கள் என்னைத் திருப்பி ஏற்றியிருப்பார்களோ என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இறங்கினேன். தாள் என் கையில் இருந்தது. அது அவர்களுக்குத் தேவைப்படுமே என்று சுற்றிக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

"நானா கடை போகும்போது கடல் பக்கம் இடது கைக்கு வரும். தாண்டிப் போயிடாதேங்கோ," என்றேன்.

அவர் அதை வாங்கினார். தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார். 

கார் போனபின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூடியின் ரோசாப்பூவின் மேல் அந்த வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அப்பம் ஆறிப்போய், ஓரம் தோல் மாதிரி ஆகியிருந்தது. அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

பெரியப்பாவின் கடையில் ஒரு மணிக்கூடு இருந்தது. அன்று பின்னேரம் முழுக்க அதன் கீழே நின்றேன். இப்போது காலி, வட்டிலப்பம் வந்திருக்கும். இப்போது பேருவளை, மீன் முள்ளை மாமி எடுத்துப் போடுவார். இப்போது பாணந்துறை. ஆறரைக்குப் பிறகு தாளில் ஊர் இல்லை. அன்றைக்கு மட்டும் என்றில்லை, அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த மணிக்கூட்டுக்குக் கீழே நின்று அவர்களைச் சாப்பிட வைத்திருக்கிறேன். வர வர என் மனசுக்குள் அவர்கள் இன்னும் இன்னும் சிரித்துச் சாப்பிட்டார்கள். நான் இல்லாததால் நல்ல இடவசதியோடு சாப்பிட்டார்கள்.

அப்பா இரண்டு முறை வந்தார். பிஸ்கட் டின் கொண்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரும் கூச்சக்காரர், நானும் அப்படி. பிறகு யுத்தம் வந்தது, பெற்றோல் போயிற்று, கொழும்பில் குண்டு விழுமென்று அங்குள்ள பிள்ளைகளையே வெளியூருக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்போடு நான் கடைக்குள் நின்றேன். பெரியம்மா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அதையும் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்த கையோடு அப்பா காலமானார். கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாதா படம் அதே சுவரில் இருந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் போனபின், மாமியிடம் நான் கேட்டது வெட்கக்கேடான ஒரு கேள்வி. அன்றைக்குப் பேருவளையில் மீன் எப்படி இருந்தது என்று கேட்டேன். எட்டு வருஷமாக அதைத்தான் கேட்க இருந்தது.

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த மீன்? வெலிகமையில நிப்பாட்டேல்லை. காலியில நிப்பாட்டேல்லை. பேருவளையில மட்டும், சொல்லி வைச்சதெண்டு இறங்கினம். நானா சொன்னபடி அஞ்சு பீங்கான் வைச்சு, ரொட்டியும் போட்டு, மீனும் வைச்சிட்டான். ஒரு பீங்கானுக்கு முன்னால ஆளில்லை. சின்னவர் எங்கே எண்டு கேட்டான். உன்ரை அப்பா எழும்பிப் போய்க் காரில இருந்திட்டார். பிறகு ஆர் சாப்பிடுறது? டிரைவரும் கை கழுவிப்போட்டு எழும்பிட்டான். பச்சைத் தண்ணி குடியாமல் கொட்டாஞ்சேனைக்கு வந்தம்."

தாள் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்பாவின் வேலைக் கோட்டின் பைக்குள் தேடினேன், அலுமாரியில் தேடினேன். கிடைக்கவில்லை.

அவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டபோது எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எட்டு வருஷமாக நான் கோபித்துக்கொண்டிருந்த விருந்து நடக்கவே இல்லை. அப்பா இரண்டு முறை பிஸ்கட் டின்னோடு வந்து வாசலில் நின்றபோது, கதவுக்குப் பின்னால் நின்ற நான் அந்த நடக்காத விருந்துக்காகத்தான் முகம் கொடுக்கவில்லை.

அந்தக் கோட்டை நான் இழுத்திருக்காவிட்டால் நானா நாலு பீங்கான்தான் வைத்திருப்பார். அவர்கள் நாலு பேரும் சாப்பிட்டிருப்பார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதுதான் அன்று எழுந்து வந்தேன். கடைகளைக் கேட்டீர்கள். பாணந்துறைக் கிழவி எப்போதோ போயிருப்பாள். நானாவின் கடையில் இப்போது மகன் இருக்கிறார். மாத்தறையில் இருந்த காலத்தில் பஸ்ஸில் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. உங்களோடு இறங்குகிறேன். மீன் எப்படி என்று அப்போது சொல்கிறேன். பெயர்களைத் தாளில் எழுதுவீர்கள் என்றால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நாலு கோட்டுக்கும் குறுக்கே என்னுடையதைப் போடும்போது, திரும்பி வரும் பக்கத்திலும் நீங்களே போட்டுவிடுங்கள். என் கையால் போடவிடாதீர்கள்.